பதின்மூன்று அங்குலச் சக்கரம்

ஆணிவாயன் என்ற பெயர் அவனுக்குப் பதினேழு வயதில் விழுந்தது. சோபா செய்கிறவன் ஒரு கையால் துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும். மறு கையில் சுத்தி இருக்கும். ஆணி பிடிக்க மூன்றாவது கை கிடையாது, வாய்தான். ஒரு பிடி சிற்றாணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி, தலை வெளியே வரும்படி உதட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காந்தச் சுத்தி அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அவனோடு வேலை கற்ற எல்லோரும் ஒன்றிரண்டு ஆணியை விழுங்கியவர்கள். அவன் ஒன்றுகூட விழுங்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வாய் காலியான பிறகும் அதைத் திறக்க மறந்துவிடுவான். கேட்டதற்குத் தலையை ஆட்டுவான். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் ஒரே ஆட்டல்தான்.

இப்போது அவனுக்கு ஐம்பத்து நான்கு. முன்னறையில் பட்டறை, பின்னறையில் கட்டிலும் அடுப்பும். நடுவில் கதவில்லை. அதனால் தலையணையிலும் பஞ்சுத்தூள் இருக்கும். முன்னறை ஜன்னலோரம் தோல் தைக்கும் பெரிய தையல் மெஷின் உறை போட்டு நிற்கிறது. அது அவன் மனைவியுடையது. மரச்சட்டமும் ஸ்பாஞ்சும் அவன் வேலை, உறை தைப்பது அவள் வேலை என்று இருபத்தாறு வருஷம் ஓடியது. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் சத்தம் நின்றால் அவள் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அர்த்தம்.

அப்படி ஒரு நாள் சத்தம் நின்றது. "பஸ் சீட்டு தைக்கிற கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். ஆறு மாசம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அவன் வாய் நிறைய ஆணி. தலையை ஆட்டினான். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மெஷினை மறுபடி ஓட்டினாள்.

ஆறு மாசம் ஒரு வருஷமானது. பிறகு கம்பெனியை விட்டு அவளே அந்த ஊரில் ஒரு சின்னத் தையல்கூடம் திறந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. பிரிந்துவிட்டோம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். பால் பொங்குகிற நேரத்துக்குள் பேச்சு முடிந்துவிடும். இப்படி மூன்று வருஷம்.

அவன் மெஷினுக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டான். எண்ணெய் விட்டால் கைச்சக்கரத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஊசியில் அவள் கோத்துவிட்டுப் போன பழுப்பு நூல் அப்படியே இருந்தது. அதை அறுக்காமல் சுற்றப் பழகியிருந்தான். மெஷின் இங்கே இருக்கிறவரை அவள் வெளியே போயிருக்கிறாள், அவ்வளவுதான் என்பது அவன் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள்: "அந்த மெஷினை அனுப்பி வைக்க முடியுமா? இங்க கனத்த தோல் வேலை வந்திருக்கு. பார்சல் லாரியில போட்டா போதும்."

அவன் உறைமேல் கை வைத்தபடி நின்றான்.

"லைன்ல இருக்கீங்களா?"

"நானே கொண்டு வர்றேன்."

"நீங்களா?" என்றாள் அவள். "சரி."

போனை வைத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது, அவளிடம் கேட்க ஒரு கேள்வி இருப்பது. வீட்டுக்கு எப்போ வர்றே. மூன்று சொல். போனில் கேட்க முடியாது. மெஷினை இறக்கி வைத்துவிட்டு, நேரில், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். மெஷின் போய்விட்டால் அவள் திரும்பி வரக் காரணமே இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அது அவன் கையால் போனால், கேட்கிற உரிமையாவது மிஞ்சும்.

சிக்கல் டிரெய்லரில் இருந்தது. காருக்குப் பின்னால் கோத்து இழுக்கிற சின்ன இரும்பு வண்டி அது. தட்டையான தளம், மூன்று பக்கம் தாழ்ந்த கம்பி, இரண்டு எட்டங்குலச் சக்கரம். ஊருக்குள் சோபா கொண்டுபோய் இறக்க அது போதும். அவள் இருக்கும் ஊரோ நெடுஞ்சாலையில் இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.

டயர்க் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, இது சக்கரமா, சோடா மூடியா?"

"ஹைவேயில போகணும்."

"போகலாம், மாட்டு வண்டிக்குப் பின்னால. எண்பதுல இழுத்தீங்கன்னா இது ஓடாது, பம்பரமா சுத்தும். உங்க கார் சக்கரம் ஒரு தடவை சுத்தறதுக்குள்ள இந்தப் பொடியன் கிட்டத்தட்ட ஒண்ணரை தடவை சுத்தணும். கிரீஸ் உருகும், பேரிங் காய்ஞ்சுபோகும். அப்புறம் ஒரு நேரத்துல உங்க சக்கரமே உங்களை முந்திக்கிட்டுப் போகும். நீங்க டாட்டா காட்டலாம்."

ஆணிவாயன் தலையை ஆட்டினான்.

"கார்ல இருக்கற அதே பதிமூணு இஞ்ச் போட்டுடுங்க. மாத்துச் சக்கரம் ஒண்ணே ரெண்டுக்கும் ஆகும். என்ன ஏத்தப்போறீங்க?"

"மெஷின்."

"யாருக்கு?"

அவன் ரிம்மைத் தட்டிப் பார்த்தான். டயர்க் கடைக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை.

நாலு நட்டு என்றால் நாலு நட்டுதானே என்று நினைத்து இரண்டு ரிம்மையும் அன்றே வாங்கிக்கொண்டு போனான். வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி மாட்டப் பார்த்தபோது ஒரு துளை உட்கார்ந்தது, மற்ற மூன்றும் உட்காரவில்லை. சக்கரத்தைத் தாங்குகிற பழைய ஹப்பில் போல்ட்டுக்குப் போல்ட் தூரம் வேறு. விரல் அகலம்தான் வித்தியாசம். அந்த விரல் அகலத்துக்காக ஹப்பையே மாற்ற வேண்டும். ஹப் வர எட்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"என்ன ஆச்சு? கஸ்டமர் கேட்கறாங்க. லாரி அனுப்பட்டுமா?"

"வேண்டாம். சக்கரம் மாத்திட்டிருக்கேன்."

"எந்தச் சக்கரம்?"

"டிரெய்லர் சக்கரம். பெருசா."

மறுபக்கத்தில் வேறு மெஷின்களின் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அவள் குரல்: "பார்த்துச் செய்யுங்க."

ஹப் வந்தது. புது பேரிங்கில் விரலால் கிரீஸ் திணித்து, மூடியைத் தட்டிச் சக்கரத்தை மாட்டினான். கையால் தள்ளிவிட்டால் சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. ஜாக்கியை இறக்கிய பிறகு பார்த்தால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தீக்குச்சி போகிற இடம்தான் இருந்தது. டிரெய்லரை மெல்ல இழுத்துக்கொண்டு மச்சினனிடம் போனான்.

மச்சினன் அவளுடைய தம்பி, இதே ஊரில் வெல்டர். அக்கா போன பிறகும் அவன் அத்தான் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அதிலேயே ஆணிவாயனுக்குப் பாதி தெம்பு.

"மட்கார்டை மட்டும் மூணு இஞ்ச் தூக்கி வெல்டு வைக்கிறேன் அத்தான். அரை நாள் வேலை."

"பாரம் ஏறினா ஸ்பிரிங் தாழும். டயர் இடிக்கும்."

"சோபாவுக்கு என்ன தாழப்போவுது?"

"சோபா இல்லே."

மச்சினன் முகக் கவசத்தை நெற்றிக்குத் தூக்கினான். "அப்ப அச்சை ஸ்பிரிங்குக்குக் கீழ மாத்தணும். இப்ப ஸ்பிரிங்குக்கு மேல உட்கார்ந்திருக்கு. கீழ போட்டா வண்டி தானா எழும்பும், இடிக்கவே இடிக்காது. ஆனா ரொம்ப உசரமாயிடும், பார்த்துக்கங்க."

"ஆகட்டும்."

"அத்தான், ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸுல ஏறினா நாலு மணி நேரம்."

"பஸ்ஸுல மெஷின் ஏத்த மாட்டாங்க."

"மெஷின் கேட்கறதுக்கு முன்னாடியும் பஸ் ஓடிச்சே. மூணு வருஷமா ஓடுது."

ஆணிவாயன் அளவு நாடாவை இழுத்துத் தரையிலிருந்து அச்சு வரை அளந்தான். வெறுங்கையோடு எப்படிப் போவது என்பது அவன் மனதில் இருந்தது. சோபா இல்லாமல் அவன் யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. கையில் பாரம் இருந்தால் எங்கே வைக்கட்டும் என்று கேட்கலாம். அது இல்லாமல் ஒரு வாசலில் என்ன கேட்பது? ஆனால் அதைச் சொல்லவில்லை. "பதினொண்ணரை" என்று அளவைத்தான் சொன்னான்.

மச்சினன் கவசத்தை இறக்கிக்கொண்டான். "எங்கக்கா பாவம்" என்றான் அதற்குள்ளிருந்து. "நீங்களும்தான்."

மூன்று நாள் வேலை. அச்சைக் கீழே கொண்டுபோனார்கள். வண்டி எழும்பியதால் காரோடு கோக்கும்போது அதன் மூக்கு தாழ்ந்து, திட்டு வாங்கியது போலத் தலை குனிந்தது. காரின் கொக்கியையும் மேலே ஏற்றிப் பற்ற வைத்தார்கள். ஆணிவாயன் ரசமட்டத்தைத் தளத்தின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நாலு விரல். எதையும் விட்டுவிடாமல் அளந்தாயிற்று என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

அளக்காமல் விட்டது என்னவென்று மறுநாள் காலையில் தெரிந்தது.

பழைய வண்டி தாழ்வாக இருந்ததற்கு ஒரு பலன் உண்டு. தளம் முழங்காலுக்குக் கீழே. அவன் சோபாவின் ஒரு முனையைத் தூக்கித் தளத்தின் ஓரத்தில் வைப்பான், பின்னால் போய் மறுமுனையைத் தூக்கித் தள்ளுவான். ஒற்றை ஆள் போதும். அவள் போன பிறகு இந்த மூன்று வருஷமும் அப்படித்தான். இப்போது தளம் ஒரு சாண் மேலே போயிருந்தது. அது சக்கரத்துக்குச் சரி, கொக்கிக்குச் சரி. தனியாக நிற்கிற ஒரு ஆளின் கைக்குச் சரியில்லை.

மெஷினின் தலையைக் கழற்றித் தனியாக ஏற்றியிருக்கலாம். கழற்றினால் நூலை அறுக்க வேண்டும். அவள் விட்டுப்போனபடியே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தான். மெஷின் மேசையின் காலில் சின்ன உருளைகள் உண்டு. வாசல்வரை உருட்டி வந்தான். பாரம் உருட்டி ஏற்றுகிற பலகையைத் தளத்தில் சாய்த்தான். பழைய உயரத்துக்கு வெட்டிய பலகை, இப்போது செங்குத்தாக நின்றது. அவன் அதைப் பார்த்தான். பார்த்தும், தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தான்.

பாதிவரை போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. கீழேயும் விட முடியாது. விட்டால் மெஷின் அவன் மேல் விழும், இல்லாவிட்டால் தரையில். இரண்டில் மெஷின் தரையில் விழுவதைத்தான் அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தோளை அழுத்தியபடி நின்றான். காலை ஏழு மணி. தெரு காலியாக இருந்தது. ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. சட்டைப் பையில் போன் அடித்தது. அவளாகத்தான் இருக்கும். கிளம்பிவிட்டீர்களா என்று கேட்பதற்காக இருக்கும். எடுக்கக் கையில்லை. அடித்து அடித்து நின்றது.

பலகை முனகத் தொடங்கியபோது வாயைத் திறந்தான். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் வந்தது. தன் குரல் இவ்வளவு பெரிது என்பது அவனுக்கே புதிதாக இருந்தது.

எதிர் மாடியில் ஜன்னல் திறந்தது. மடமடவென்று படியில் காலடிச் சத்தம். வந்தவர் முகத்தில் பாதி சவரம் ஆகியிருந்தது, மறுபாதியில் சோப்பு நுரை. எதுவும் கேட்காமல் அவர் கீழே தோளைக் கொடுத்தார். இரண்டு மூச்சில் மெஷின் தளத்தில் ஏறி நின்றது.

"ரொம்ப நன்றி."

மாடிக்காரர் அவனை வியப்பாகப் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. ஜன்னல்லேர்ந்து தினம் பார்க்கறேன், தனியா சோபா ஏத்தறதை. உங்களுக்குப் பேச்சு வராதுன்னே நினைச்சிட்டிருந்தேன்."

"வரும்" என்றான் ஆணிவாயன்.

"அப்ப ஒரு குரல் கொடுக்கறதுதானே?" என்று நுரையைத் துடைத்துக்கொண்டே அவர் படியேறினார்.

சாலையில் டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சத்தம் போட்டுத் தன்னை நினைவுபடுத்தும். இப்போது கண்ணாடியில் பார்த்துத்தான் நிச்சயம் செய்ய வேண்டியிருந்தது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஓரமாக நிறுத்தி இறங்கி, புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. மறுபடி ஏறிக்கொண்டான். வழியெல்லாம் மூன்று சொல்லையும் வாயில் வைத்துத் திருப்பிக்கொண்டே போனான், தலை வெளியே வரும்படி.

தையல்கூடம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அவள் வாசலுக்கு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது புதிது. அவனைப் பார்ப்பதற்கு முன் டிரெய்லரைப் பார்த்தாள்.

"உசரமாயிடுச்சே" என்றாள். உடனே, "தனியா எப்படி ஏத்தினீங்க?"

அவனும் மச்சினனும் மூன்று நாள் அளந்தும் காணாததை அவள் வாசலில் நின்றபடி கண்டுவிட்டாள்.

"கூப்பிட்டேன்."

"யாரை?"

"எதிர் மாடிக்காரரை."

"நீங்க கூப்பிட்டீங்களா? வாயைத் திறந்து?" அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் வேறு என்னவோ ஆகி நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு மூலையாக நாலு பேர் பிடிக்க, மெஷின் கனமே இல்லாதது போல இறங்கிற்று. எங்கே வைக்கட்டும் என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் இடம் ஒழித்திருந்தது. மேலே விளக்கு தொங்கியது. சுவரில் புது ஸ்விட்ச். தரையில் மேசைக்கால் நிற்க நாலு ரப்பர்த் துண்டுகூட வெட்டிப் போட்டிருந்தாள். நெடுநாளைக்கு நிற்கப்போகிற சாமானுக்குத்தான் அப்படி இடம் செய்வார்கள். அவன் வேலைக்காரன், அவனுக்கு அது தெரியும்.

அவள் உட்கார்ந்து ஒரு துண்டுத் தோலை ஊசிக்கடியில் வைத்தாள். "நூலைக்கூட மாத்தலையா?"

"நீ விட்டபடி."

மிதித்தாள். மூன்றாவது தையலில் நூல் அறுந்தது. "இத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் பழுப்பு நூலை உருவிக் கீழே போட்டாள். கறுப்பு நூலை எடுத்து நுனியை உதட்டில் நனைத்துக் கோத்தாள். மெஷின் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் கீழே கிடந்த நூலைப் பார்த்துக்கொண்டு, சத்தம் நிற்கக் காத்திருந்தான்.

சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டான். தம்பி எப்படி இருக்கிறான் என்றாள். நன்றாக இருக்கிறான் என்றான். ஒரு பெண், "அண்ணன் அதிகம் பேச மாட்டாரோ?" என்று கேட்டாள். "வாய்ல ஆணி வச்சிருப்பாரு" என்றாள் அவன் மனைவி. அந்தப் பெண் சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.

வழியனுப்ப வாசலுக்கு வந்தவள் டிரெய்லரைச் சுற்றி நடந்தாள். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். மட்கார்டு இடைவெளியில் நாலு விரலை விட்டுப் பார்த்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றாள். "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே மாத்தியிருக்கலாம்."

இதற்குத் தலையாட்ட முடியாது. அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுக்கு எப்போ வர்றே?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்கு அவன் பிறகு நெடுநாள் நன்றியோடு இருந்தான்.

"வரலைங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"தலையை ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"ஞாயித்துக்கிழமை போன் பண்றேன்."

"சரி."

காலி டிரெய்லர் வரும்போது இருந்த டிரெய்லர் இல்லை. பாரத்துக்கென்று கெட்டியாக அடித்த காற்று, உயர்ந்த ஸ்பிரிங், மேலே ஒன்றுமில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் துள்ளியது, கொக்கியில் இடித்தது. முதுகில் யாரோ தட்டித் தட்டிக் கூப்பிடுவது போல இருந்தது. அறுபது கிலோமீட்டர் பொறுத்துவிட்டு ஒரு மரத்தடியில் நிறுத்தினான். இரண்டு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினான். பழக்கதோஷத்தில் புறங்கையால் ஹப்பைத் தொட்டான். இவ்வளவு தூரம் ஓடியும் சில்லென்று இருந்தது. வேலை சுத்தம். கையை உடனே எடுக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

முன்னறையில் மெஷின் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. அந்த இடத்தில் ஸ்பாஞ்சு மூட்டையை வைத்துப் பார்த்தான். பிறகு எடுத்துவிட்டான்.

நாலு நாள் கழித்து மச்சினன் வந்தான். எதையும் கேட்கவில்லை. அக்கா போனில் சொல்லியிருப்பாள். டிரெய்லரைக் காலால் தட்டிக்கொண்டு நின்றான்.

"இனிமே ஊருக்குள்ளதானே ஓட்டப்போறீங்க. அச்சைத் திரும்ப மேல போட்டு, பழைய சக்கரத்தையே மாட்டிடலாமா? தனியா சோபா ஏத்த முடியாதே."

"இருக்கட்டும்."

"எப்படி ஏத்துவீங்க?"

"இருக்கட்டும்டா."

மறுநாள் காலை மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி ஓரத்தை அடித்து முடித்து, வாசலுக்கு இழுத்து வந்தான். ஒரு முனையைத் தூக்கித் தளத்தின் ஓரத்தில் வைத்தான். மறுமுனைக்குப் போக நகர்ந்ததும் அது சறுக்கிற்று. பிடித்துக்கொண்டான். எதிர் மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. தெருவில் யாரும் இல்லை.

வாயில் இன்னும் ஆறேழு ஆணி மிச்சம் இருந்தது. ஒரு கையால் சோபாவைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் ஆணிகளைத் துப்பிச் சட்டைப் பையில் போட்டான்.

"சார்" என்று கூப்பிட்டான்.

ஜன்னல் அசையவில்லை. சோபாவின் கனம் மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடி கூப்பிட்டான்.